மேஸ்திரியைத் திரும்ப அழைத்தது

தெருவில் எல்லோரும் அவளைப் பால்காரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டியும், அதிலிருந்த பத்துப் பன்னிரண்டு ஆடுகளும்தான் அவள் உலகம். ஆடுகளிடம் அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பால் நிறைந்த பாத்திரத்தை ஓர் ஆடு எட்டி உதைத்தால்கூட, "உனக்கு என்னம்மா ஆச்சு இன்னைக்கு?" என்பாளே தவிர, கை ஓங்கமாட்டாள். மனிதர்கள் விஷயம் வேறு. யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், சொன்னவர்கள் மறந்த பிறகும் அதை உள்ளே போட்டு மென்றுகொண்டே இருப்பாள்.

"ஆட்டுக்கு நடுவுலயே இருந்து இருந்து நீயும் அசைபோடப் பழகிட்டே" என்பார் அவள் புருஷன். சரக்கு வேன் ஓட்டுகிறவர். நாளெல்லாம் ஹாரன் சத்தத்தில் இருப்பவர் என்பதால் வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படி ஏதாவது ஒன்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அவள் ஆடுகளுக்குள் மூத்தது மேஸ்திரி. பெட்டை ஆடுதான். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பட்டை. மற்ற ஆடுகள் மேயும்போது ஏதாவது மேட்டில் ஏறி நின்று, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும். அதனால் வேன்காரர் வைத்த பெயர் அது. தீவனத் தொட்டியில் முதல் வாய் அதனுடையது. பட்டியின் மூலையில் பழைய கதவு ஒன்றைச் செங்கல் அடுக்கி அதன்மேல் போட்டிருந்தார்கள். அந்தப் பலகையில் படுக்கும் உரிமை மேஸ்திரிக்கு மட்டும்தான். வேறு ஆடு ஏறினால் ஒரு முறைப்பு போதும், வந்த வழியே இறங்கிவிடும்.

அந்த மேஸ்திரியைத்தான் போன வருஷம் தங்கை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

தங்கை ஊருக்கு நடுவில் வாடகை வீட்டில் இருந்தாள். தையல் வேலை. அவள் பையனுக்கு ஒரு வயது தாண்டியும் மாட்டுப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. குடித்தால் வயிறு உப்பிக்கொண்டு இரவு முழுக்க அழுவான். ஆட்டுப் பால் கொடுத்துப் பார்த்தார்கள். சமர்த்தாகக் குடித்துவிட்டுத் தூங்கினான். முதலில் வேன்காரர்தான் தினமும் பாலை எடுத்துப்போய்க் கொடுத்தார். வெயில் காலம் வந்ததும் பால் வழியிலேயே திரிந்து போனது. ஒருநாள் தங்கை திரிந்த பாலைக் கையில் வைத்துக்கொண்டு போனில் அழுதாள். அன்று சாயங்காலமே பால்காரக்கா இருந்ததிலேயே நன்றாகக் கறக்கும் ஆட்டை வேனில் ஏற்றிவிட்டாள். "பையன் பெரியவனாகிற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். நல்ல மடி, நல்ல குணம். உன்னைப் படுத்தமாட்டா" என்றாள். மனசாரச் சொன்னதுதான்.

மேஸ்திரி அங்கே போய் ஆளே மாறிவிட்டது. மாடிப்படிக்கு அடியில் அதற்கு இடம் ஒதுக்கினார்கள். ஆனால் பகலெல்லாம் அது வீட்டுக்குள்தான். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணி வெட்டிய மிச்சத்தைக் குவித்துப் போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். பையன் நடக்கக் கற்றுக்கொண்டதே அதன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான். அவன் எங்கே போனாலும் அது பின்னாலேயே போகும். அவன் சட்டைப் பையில் எப்போதும் அதற்கென்று ஏதாவது பிஸ்கட் துண்டு இருக்கும்.

இப்படியே போயிருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. ஒருநாள் பால்காரக்காவும் வேன்காரரும் அங்கே சாப்பிடப் போயிருந்தார்கள். சாப்பிட்டு முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, தங்கை புருஷன் மேஸ்திரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "அண்ணி, இங்க வந்தப்புறம்தான் இவளுக்கு நல்ல காலம். தோலைப் பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு."

அவர் எலக்ட்ரீஷியன். சிரித்த முகம். மனசில் எதையும் வைத்துப் பேசத் தெரியாதவர். ஆனால் பால்காரக்கா காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அப்படியானால் இத்தனை வருஷம் என்னிடம் இருந்தபோது கெட்ட காலமா? நான் வயிறு காயப் போட்டேனா? தங்கை கொடுத்த பழத்தை அவள் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று திருப்பி வைத்துவிட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் வேன்காரர் என்ன கேட்டாலும் "ம்" என்றாள்.

அந்த வார்த்தையை எத்தனையோ நாள் மென்றாள். பால் கறக்கும்போது மென்றாள், பட்டியைக் கூட்டும்போது மென்றாள். பிறகு ஒருநாள் தங்கைக்குப் போன் போட்டாள்.

"பையன்தான் இப்ப சோறு திங்கிறானே. மேஸ்திரிக்கும் பால் குறைஞ்சு போச்சுன்னு சொன்னே. அவளை அனுப்பிடு. நாளைக்கு மாமா வேன் எடுத்துட்டு வருவார்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"என்னக்கா திடீர்னு? ஏதாவது கோபமா?"

"என்ன கோபம்? என் ஆட்டை நான் கேக்கறதுக்குக் கோபம் வேணுமா?"

"சரிக்கா. உன் ஆடுதானே" என்றாள் தங்கை.

கொடுக்கமாட்டேன் என்று தங்கை ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் பால்காரக்கா இறங்கி வந்திருப்பாள். உன் ஆடுதானே என்றது அவளை இன்னும் முறுக்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் அவளும் வேனில் போனாள். வீட்டுக்குள் போகவில்லை, தெருவிலேயே நின்றாள். தங்கை துணி நாடாக்களைப் பின்னிச் செய்த புதுக் கயிற்றில் மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பையன் ஆட்டை ஊர் சுற்றக் கூட்டிப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். தானும் ஏறவேண்டும் என்று கையைத் தூக்கினான். தங்கை அவனை இடுப்பில் வாரி எடுத்துக்கொண்டு, வேன் ஜன்னலருகே வந்து மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, உடனே உள்ள விட்டுடாதே. ஒரு வருஷமா இன்னொரு ஆட்டோட முகத்தையே பார்க்காம இருந்திருக்கா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் பால்காரக்கா. வேன் கிளம்பியது.

தெரியாமல் இல்லை. கால்நடை டாக்டரம்மா முந்தின நாள் கருப்பியைப் பார்க்க வந்தபோது இதையேதான் சொல்லியிருந்தார். கருப்பி, மேஸ்திரி பெற்ற பெண். மேஸ்திரி போன பிறகு பட்டியில் அதுதான் பெரிய மனுஷி. முதல் தடவையாகச் சினை பிடித்திருந்தது. டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்து, "ரெண்டு குட்டி இருக்கும்போல" என்றார். மேஸ்திரி வரப்போகிற செய்தியைச் சொன்னதும், "நேரா உள்ள விட்டுடாதீங்க. நடுவுல கம்பி வலை கட்டி அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணுன்னு கொஞ்ச நாள் வச்சிருங்க. மோந்து பார்த்துப் பழகட்டும். அப்புறம் வெட்டவெளியில சேர்த்து விடுங்க. சினை ஆடு இருக்கு, ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். வேன்காரர் அன்றே கம்பி வலை வாங்கி வந்து பட்டியின் சுவரில் சாத்தி வைத்திருந்தார்.

வேனை நிறுத்திவிட்டு அவர் கேட்டார்: "வலையைக் கட்டிடவா? அரை மணி நேர வேலை. அதுவரைக்கும் இவ வேன்லயே இருக்கட்டும்."

பால்காரக்கா ஏற்கெனவே கயிற்றைப் பிடித்து மேஸ்திரியை இறக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டின் மேல் சோப்பு வாசனை அடித்தது. தங்கை வழியனுப்பும்முன் குளிப்பாட்டியிருக்கிறாள்.

"அவ பொறந்து வளர்ந்த இடம். உள்ள நிக்கிறது அவ பெத்த பொண்ணு. தாய்க்கும் மகளுக்கும் நடுவுல வலை எதுக்கு?"

"டாக்டரம்மா சொன்னாங்களே."

"அவங்க ஆயிரம் பட்டிக்குப் பொதுவா சொல்றவங்க. என் ஆட்டை எனக்குத் தெரியும்."

உண்மையில் அவள் மனசில் இருந்தது வேறு. சாயங்காலம் தங்கை கட்டாயம் போன் பண்ணுவாள். அப்போது, இறங்கினதுமே எல்லாரோடும் சேர்ந்துட்டா, ஒரு நாள்கூட பிரிஞ்ச மாதிரி தெரியல என்று சொல்லவேண்டும். அந்த எலக்ட்ரீஷியன் காதிலும் அது விழவேண்டும். எது நல்ல இடம் என்று ஆடே சொல்லிவிட்ட மாதிரி இருக்கும்.

பட்டிக் கதவைத் திறந்து, கயிற்றை அவிழ்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே விட்டாள்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றது. மற்ற ஆடுகள் தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கின. ஒன்றுகூடக் கத்தவில்லை. பிறகு மேஸ்திரி, நேற்றுத்தான் வெளியே போய்விட்டு வந்ததுபோல், நேராக மூலையிலிருந்த பலகையை நோக்கி நடந்தது. பலகையில் கருப்பி படுத்திருந்தது.

கருப்பி எழுந்தது. இரண்டும் மூக்கை நீட்டி மோந்துகொண்டன. பார்த்தாயா என்பதுபோல் பால்காரக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் திரும்பிய அந்த நேரத்தில் கொம்போடு கொம்பு மோதிய சத்தம் கேட்டது.

கருப்பி பலகை மேலிருந்து பின்னங்காலில் எழும்பி முழு உடம்பையும் போட்டு இடித்தது. மேஸ்திரிக்கு முன்னங்கால் மடங்கியது. எழுந்தது, மறுபடி இடி வாங்கியது. வீட்டுக்குள் துணி மேல் படுத்துப் பழகிய உடம்பு. அதற்கு முட்டுவதே மறந்துபோயிருந்தது. மற்ற ஆடுகளும் சேர்ந்துகொண்டன. சுவரோரம் ஒதுங்கினால் ஒன்று இடித்தது, தொட்டிப் பக்கம் ஓடினால் இன்னொன்று இடித்தது. பால்காரக்கா "ஏய், ஏய்" என்று உள்ளே ஓடினாள். வேன்காரர் கம்பு எடுக்க ஓடினார். போக இடமில்லாமல் போன மேஸ்திரி கடைசியில் தலையைத் தாழ்த்திக்கொண்டு எதிரே கண்ணில் பட்டதன் மேல் கண்மூடித்தனமாகப் பாய்ந்தது. கருப்பி அப்போதுதான் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இடி நேராக வயிற்றில் விழுந்தது.

கருப்பி கத்தவில்லை. மூச்சை மட்டும் ஒரு தடவை வெளியே விட்டது. அந்தச் சத்தம் பால்காரக்காவுக்கு நன்றாகக் கேட்டது.

மேஸ்திரியை இழுத்து வெளியே கட்டினார்கள். ஒரு காது கிழிந்து ரத்தம் சொட்டியது. வேன்காரர் வலையை எடுத்து விரித்துக் கட்ட ஆரம்பித்தார். சாயங்காலம் தங்கை போன் பண்ணினாள்.

"சேர்ந்துட்டாளாக்கா?"

"வந்து இறங்கினதுமே சேர்ந்துட்டா" என்றாள் பால்காரக்கா. சொல்ல நினைத்ததை வார்த்தை பிசகாமல் சொல்லிவிட்டாள்.

"அப்பாடா. இவன் உன்கிட்ட பேசணுமாம்" என்று தங்கை போனைப் பையனிடம் கொடுத்தாள். அவன், ஆட்டைக் கூப்பிடுவதற்கென்று வைத்திருந்த தன் மழலையில், "மேச்சி, மேச்சி" என்று உரக்கக் கூப்பிட்டான். ஜன்னலுக்கு வெளியே கட்டியிருந்த மேஸ்திரி தலையைத் தூக்கி வீட்டைப் பார்த்துக் கத்தியது. பால்காரக்கா போனை அணைத்துவிட்டாள்.

விடிந்ததும் பட்டிக்குப் போனவள் கருப்பி ஓரமாக நிற்பதைப் பார்த்தாள். வைக்கோல் நனைந்திருந்தது. அதில் இரண்டு குட்டிகள் கிடந்தன. மயிர்கூடச் சரியாக முளைக்கவில்லை. ஒன்றின் நெற்றியில் வெள்ளைப் பட்டை தெரிந்தது. கருப்பி அவற்றை நக்கிக்கொண்டிருந்தது. பால்காரக்கா சாக்கை எடுத்து வந்தாள். ஆனால் அது நக்கி முடிக்கும்வரை அள்ள மனசு வரவில்லை. பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வந்து கருப்பியின் கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணி ஊசி போட்டார். "வலை இப்பத்தான் கட்டினீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

டாக்டரம்மா பக்கெட் தண்ணீரில் நெடுநேரம் கை கழுவினார். கிளம்பும்போது, "பெரிய ஆட்டு மேல கோபப்படாதீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

"அது மேல என்ன கோபம் டாக்டரம்மா? எனக்குத் தெரியுமே, எனக்குத்தானே தெரியும்" என்றாள் பால்காரக்கா.

அதன்பிறகு எல்லாவற்றையும் டாக்டரம்மா சொன்னபடியே செய்தாள். வலைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தழை போட்டாள். மற்ற ஆடுகள் படுத்த வைக்கோலை எடுத்து மேஸ்திரியின் முதுகில் தேய்த்தாள். சோப்பு வாசனை போய்ப் பட்டி வாசனை ஏறியது. கருப்பியின் உடம்பு தேறிய பிறகு, பின்னாலிருந்த வெற்று மனையில் தீவனத்தை நாலைந்து இடத்தில் பிரித்து வைத்து எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள். லேசாக முட்டிக்கொண்டன, அவ்வளவுதான். சண்டை இல்லை. ஆரம்பத்திலேயே இவ்வளவுதான் செய்திருக்கவேண்டும்.

மேஸ்திரி பட்டிக்குள் வந்துவிட்டது. ஆனால் பலகைப் பக்கம் போகவில்லை. எல்லாம் தின்று நகர்ந்த பிறகு மிச்சத்தைத் தின்றது. கருப்பி நிமிர்ந்து பார்த்தாலே வழிவிட்டு ஒதுங்கியது. மேயப் போகும்போது கடைசி ஆடாகப் போனது. வழியில் யார் வீட்டுக் கதவாவது திறந்திருந்தால் வரிசையை விட்டுவிட்டுப் படியேறி உள்ளே எட்டிப் பார்க்கும். "அக்கா, உங்க ஆடு டிவி பார்க்க வந்திருக்கு" என்று எதிர்வீட்டுக்காரி கூப்பிட்டுச் சொல்லுவாள். தெருவே சிரிக்கும். பால்காரக்கா மட்டும் அங்கே போய், கழுத்தில் கையைப் போட்டுக் கூட்டி வருவாள்.

இதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், ஒருநாள் அவள் பஸ் ஏறித் தங்கை வீட்டுக்குப் போனாள். தங்கை காபி போட்டுக் கொடுத்தாள். எலக்ட்ரீஷியனும் வேலைக்குக் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார். பால்காரக்கா நடந்ததை எல்லாம் சொன்னாள். குட்டிகளைப் பற்றிச் சொன்னாள். போனில் சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். பிறகு, "மேஸ்திரியைத் திரும்ப இங்கேயே கொண்டு வந்து விட்டுடட்டுமா?" என்று கேட்டாள்.

தங்கை எழுந்து அவளை மாடிப்படிக்குக் கூட்டிப் போனாள். படிக்கு அடியில் வீட்டுச் சொந்தக்காரர் தண்ணீர் மோட்டார் வைத்துக் கம்பிக்கதவு போட்டுப் பூட்டியிருந்தார்.

"ஆடு போனதும் இடம் சும்மாதானே கிடக்குன்னு கேட்டாருக்கா. நான் சரின்னுட்டேன்."

"பையன் கேக்கறானா அவளை?"

"முதல்ல தினமும் எழுந்ததும் இங்கதான் வந்து குனிஞ்சு பார்ப்பான். இப்ப கேக்கறதில்லை." தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ கேட்டப்பவே தரமாட்டேன்னு நான் சண்டை போட்டிருக்கணும்க்கா. உனக்கு என்ன கோபம்னே தெரியாம, எனக்கும் ரோஷம் வந்துடுச்சு."

உள்ளே வந்ததும் பால்காரக்கா தங்கை புருஷனிடம், "நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே தம்பி, இங்க வந்தப்புறம்தான் அவளுக்கு நல்ல காலம்னு. அதுதான் எனக்கு மனசுல தைச்சிடுச்சு" என்றாள்.

அவர் விழித்தார். "நானா சொன்னேன்? எப்ப அண்ணி?" நெற்றியைத் தேய்த்து யோசித்துப் பார்த்தார். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. "நான் எதுக்கு அப்படிச் சொல்லப்போறேன்? பையன் நாள் முழுக்க ஊட்டிக்கிட்டே இருக்கானேன்னு ஏதாவது விளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன். நீங்க அந்த ஆட்டை அனுப்பலேன்னா இவன் என்ன ஆகியிருப்பானோன்னு எங்கம்மாகிட்ட இன்னமும் சொல்லிட்டிருக்கேனே."

பால்காரக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அத்தனை நாள் மென்றதற்கு, அங்கே மெல்ல ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

மழைக்காலம் போய் அடுத்த முறை கருப்பி நல்லபடியாக ஒரு பெட்டைக்குட்டி போட்டது. குட்டியைப் பார்க்கத் தங்கை பையனோடு வந்தாள். அவன் உயரமாகியிருந்தான், வாய் ஓயாமல் பேசினான். பட்டிக்குள் வந்ததும் குட்டியின் பின்னாலேயே ஓடினான். சுவரோரம் நின்றிருந்த மேஸ்திரி அவன் குரல் கேட்டதும் காதை நிமிர்த்தியது. பிறகு மற்ற ஆடுகளுக்கு நடுவில் நுழைந்து, கருப்பியைக்கூடப் பார்க்காமல் தாண்டி, நேராக அவனிடம் வந்து சட்டைப் பையில் மூக்கை வைத்தது.

பையன் வீறிட்டுக்கொண்டு அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். "பெரிய ஆடு, பெரிய ஆடு. முட்டும்."

"முட்டாதுடா, மேச்சிடா இது. உன் மேச்சி" என்றாள் தங்கை. அவனை முன்னால் தள்ளிப் பார்த்தாள். அவன் புடவைக்குள் முகத்தை இன்னும் புதைத்துக்கொண்டான். தங்கை அக்காவைப் பார்த்து, "சின்னப் பசங்க அப்படித்தான்க்கா. மறந்துடுவாங்க" என்றாள், சமாதானம் சொல்வதுபோல.

பால்காரக்கா கொஞ்சம் தழையை ஒடித்துப் பையனின் கையில் கொடுத்து, "இதைக் குடு, வாங்கிக்குவா" என்றாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை மட்டும் நீட்டினான். மேஸ்திரியின் மூச்சுக்காற்று பட்டதும் தழையைக் கீழே போட்டுவிட்டான். தங்கை அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவருகே போகும்வரை மேஸ்திரி அவர்கள் பின்னால் நடந்தது. கதவு சாத்தியதும் அங்கேயே நின்றது.

உள்ளே தங்கை, "அக்கா, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். "நீங்க ஆரம்பிங்க, வந்துடறேன்" என்றாள் பால்காரக்கா. கீழே கிடந்த தழையைப் பொறுக்கி, மண்ணை ஊதி, மேஸ்திரியின் வாயருகே பிடித்தாள். அது மோந்து பார்த்துவிட்டு மறுபடியும் கதவின் பக்கமே திரும்பிக்கொண்டது.